ஒரு வரியில் ஒரு சர்வர்

‘சர்வர்’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓட்டல்தான் நினைவுக்கு வரும். தோளில் துண்டும் கையில் தண்ணீர்த் தம்ளருமாக வந்து, “என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்பாரே, அவர்தான் சர்வர். 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் ஏற்ற வேடமும் அதுதான். உங்களுக்கோ அந்தச் சொல் வேறு பொருள் தருகிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும் காலையில் இணையதளம் திறக்காவிட்டால், “சர்வர் டவுன்” என்று சலித்துக்கொள்கிறீர்கள். எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் பீரோ அளவுள்ள இயந்திரம் ஒன்று படுத்துவிட்டதாக உங்கள் மனத்தில் ஒரு படம் ஓடுகிறது.

உண்மையில் இந்த இரண்டு சர்வர்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இருவர் செய்வதும் ஒரே வேலைதான்: காத்திருப்பது, யாராவது வந்து கேட்டால், கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது, மறுபடியும் காத்திருப்பது. சர்வர் என்பது முதலில் இயந்திரம் அன்று; அது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையைச் செய்யும் நிரலைச் சர்வர் என்கிறோம். பிறகு, அந்த நிரல் ஓடுகின்ற கணிப்பொறியையும் சர்வர் என்றே அழைக்கத் தொடங்கிவிட்டோம். தமிழ் இலக்கண வகுப்பில் ஆகுபெயர் படித்திருப்பீர்களே, அதே கதைதான்!

அப்படியானால் அந்த நிரலை உங்கள் வீட்டு மடிக்கணிப்பொறியிலோ பள்ளிக் கணிப்பொறியிலோ ஓட்ட முடியாதா? முடியும். ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். இம்மாதம் அதைச் செய்து பார்ப்போம். ஆனால் கடையைத் திறந்த மறுநிமிடமே இன்னொரு கேள்வி எழும்: திறந்த கடைக்குள் யார் யார் வரலாம்? அதற்கு விடை தெரியாமலே கடை திறந்தவர்கள் பட்ட பாட்டையும் இங்கே சொல்லப்போகிறேன்.

அடுப்பு மூட்டுவோம்

கணிப்பொறியில் கட்டளை வரிச் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். லினக்ஸிலும் மாக்கிலும் அதற்கு ‘டெர்மினல்’ என்று பெயர். விண்டோஸில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’. பொத்தான்களும் படங்களும் இல்லாத வெறும் திரை அது. நாம் ஒரு வரி எழுதி ‘என்டர்’ விசையைத் தட்டினால் கணிப்பொறி அதைச் செய்யும், அவ்வளவுதான். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் அடிக்க வேண்டும். பைத்தான் மொழி உங்கள் கணிப்பொறியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் கணிப்பொறி ஆசிரியரிடம் கேளுங்கள்; அது இலவசம்.

முதலில் ‘கடை’ என்று புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்கி, அதற்குள் நுழைய வேண்டும். எம், கே, டி, ஐ, ஆர் ஆகிய ஐந்து எழுத்துக்களைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு ‘கடை’ என எழுதினால் கோப்புறை தயார். அடுத்து சி, டி என்னும் இரண்டு எழுத்துக்கள், இடைவெளி, மீண்டும் ‘கடை’. இப்போது உள்ளே வந்துவிட்டீர்கள். மூன்றாவது கட்டளை இது:

எக்கோ வணக்கம் > இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்

‘வணக்கம்’ என்ற சொல்லை, ‘இண்டெக்ஸ்’ என்ற பெயருள்ள கோப்பில் எழுதி வை என்பது இதன் பொருள். நடுவிலுள்ள கோணக்குறி, சொல்லைக் கோப்புக்குள் தள்ளுகிறது. கோப்பின் பெயரில் எழுத்துப்பிழை வரக் கூடாது. காரணம் சற்றுப் பொறுத்துப் புரியும்.

இனி முக்கியமான வரி:

பைத்தான்3 -எம் எச்டிடிபி.சர்வர்

‘பைத்தான்’ என்னும் சொல்லும் எண் 3-ம் ஒட்டி வரும். பிறகு இடைவெளி. சிறு கோடும் ‘எம்’ எழுத்தும் ஒட்டி வரும். மறுபடி இடைவெளி. கடைசியில் எச், டி, டி, பி என்ற நான்கு எழுத்துக்கள், ஒரு புள்ளி, ‘சர்வர்’ என்னும் சொல். இவற்றின் நடுவே இடைவெளியே கூடாது. விண்டோஸாக இருந்தால் தொடக்கத்தில் ‘பைத்தான்3’ என்பதற்குப் பதிலாக பி, ஒய் என்ற இரண்டு எழுத்துக்கள் போதும்.

என்டரைத் தட்டுங்கள். 0.0.0.0 என்ற விநோதமான எண்ணும், ‘போர்ட் 8000’ என்ற சொற்களும் கொண்ட ஒரு வரி தோன்றும். (சில கணிப்பொறிகளில் நான்கு சுழிகளுக்குப் பதிலாக இரண்டு முக்காற்புள்ளிகள் இருக்கும், பொருள் ஒன்றே.) அதன்பின் எதுவும் நடவாது. அடுத்த கட்டளையை எழுதச் சொல்லும் குறியும் வராது. முதல் முறை செய்பவர்களில் பலர், கணிப்பொறி உறைந்துபோய்விட்டது என்று எண்ணி இந்த இடத்தில்தான் சாளரத்தை மூடிவிடுகிறார்கள்.

அவசரப்படாதீர்கள். உறையவில்லை, காத்திருக்கிறது! மற்ற நிரல்கள் ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டு விலகிக்கொள்ளும். சர்வருக்கு முடிவு என்பதே கிடையாது. யாரும் வராதபோது, “வாடிக்கையாளர் வந்தால் என்னை எழுப்பு” என்று இயக்க முறைமையிடம் சொல்லிவிட்டு அது தூங்குகிறது. அந்த நேரத்தில் அது செலவழிக்கும் கணிப்பு நேரம் அநேகமாகச் சுழிதான்.

முதல் வாடிக்கையாளர்

இப்போது உலாவியைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, 8000 என்ற எண் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதி என்டரைத் தட்டுங்கள். திரையில் ‘வணக்கம்’ தெரிகிறதா? கடைக்காரரும் நீங்களே, முதல் வாடிக்கையாளரும் நீங்களே!

பக்கத்தை விட்டுவிட்டு, கட்டளைச் சாளரத்தை இப்போது கவனியுங்கள். அங்கே புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். முதலில் 127.0.0.1, பிறகு நாளும் நேரமும், அதன்பின் ‘கெட்’ என்னும் சொல்லும் ஒரு சாய்கோடும், கடைசியில் 200. இது கடையின் கணக்குப் புத்தகம். யார் வந்தார், எப்போது வந்தார், என்ன கேட்டார், என்ன கிடைத்தது என்ற நான்கும் அந்த ஒரே வரியில் அடங்கிவிட்டன. 127.0.0.1 என்பது ‘இதே கணிப்பொறி’ என்பதைக் குறிக்கும் முகவரி. உலகத்தில் எந்தக் கணிப்பொறியும் தன்னைத்தானே அழைக்க இந்த எண்ணையே பயன்படுத்தும். வெறும் சாய்கோடு என்றால் ‘முகப்புப் பக்கம்’. அப்படிக் கேட்டால் ‘இண்டெக்ஸ்’ என்ற கோப்பைக் கொடுக்க வேண்டும் என்பது சர்வருக்குத் தெரியும். எழுத்துப்பிழை கூடாது என்று சொன்னது அதனால்தான். 200 என்பது ‘கேட்டது கிடைத்தது’ என்பதற்கான குறியெண்.

பெரும்பாலும் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும். அதில் ‘ஃபேவிகான்’ என்ற பெயரும் 404 என்ற எண்ணும் காணப்படும். நீங்கள் ஒன்றுதானே கேட்டீர்கள்? இரண்டாவதைக் கேட்டது உலாவி! பக்கத்தின் பெயருக்கு அருகே காட்டுவதற்காக ஒரு சின்னஞ்சிறு படம் இருக்கிறதா என்று அது தானாகவே கேட்டுப் பார்க்கிறது. 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தொடங்கிவைத்த பழக்கம் இது. அந்தப் படம் நம்மிடம் இல்லை. ஆகவே சர்வர், ‘இல்லை’ என்பதற்குரிய 404-ஐச் சொல்லி அனுப்பிவிட்டது. முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடும் ‘பூரி’ என்ற சொல்லும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் 404தான். கணக்குப் புத்தகத்தில் மூன்றாவது வரி ஏறும்.

நாம் காணாமல் நம் சார்பில் உலாவி என்னென்ன கேட்கிறது என்பதை உலாவியின் பக்கம் நின்று பார்த்தால் தெரியாது. கடையின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது. சர்வரை நாமே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே போதிய காரணம்.

8000 என்பது என்ன?

ஒரு பெரிய தபாலாபீசுக்குப் போகிறீர்கள். கட்டடம் ஒன்றுதான். ஆனால் தபால்தலைக்கு ஒரு சன்னல், சேமிப்புக் கணக்குக்கு வேறொன்று. சரியான கட்டடத்துக்குப் போனால் மட்டும் போதாது. சரியான சன்னலிலும் நிற்க வேண்டும். கணிப்பொறியின் முகவரி கட்டடம் என்றால், போர்ட் எண் என்பது சன்னலின் எண். ஒரே கணிப்பொறியில் பல சர்வர் நிரல்கள் தத்தம் சன்னலில் அமர்ந்திருக்க முடிவது இதனால்தான்.

எத்தனை சன்னல்கள்? இந்த எண்ணை எழுத 16 பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 2-இன் 16-ஆம் அடுக்கு 65,536. எனவே 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. வலைத்தளங்களுக்கு வழக்கமான சன்னல் 80. பூட்டுப் படத்துடன் வரும் பாதுகாப்பான தளங்களுக்கு 443. இவை எல்லாருக்கும் தெரிந்தவை ஆதலால், உலாவி அவற்றைத் தானே போட்டுக்கொள்கிறது. நாம் எழுத வேண்டியதில்லை. லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள சன்னல்களைத் திறக்கச் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. ஆகவேதான் நம்மைப்போன்று சோதனை செய்பவர்கள், 80-ஐ நினைவூட்டும் 8000, 8080 போன்ற எண்களை எடுத்துக்கொள்கிறோம்.

இந்த எண்களுக்குப் பின்னால் சுவையான கதைகளும் உண்டு. 1995-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாத்து யுலோனென் என்பவர், தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு மறைகுறியீட்டில் பேசும் எஸ்எஸ்எச் நிரலை எழுதினார். கடவுச்சொற்களைத் திறந்தபடி அனுப்பிய பழைய டெல்நெட்டின் எண் 23. கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் எண் 21. இரண்டுக்கும் மாற்றாகத் தம் நிரல் விளங்க வேண்டும் என்று விரும்பிய அவர், நடுவே காலியாக இருந்த 22-ஐக் கேட்டு, எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே அந்த எண் கிடைத்துவிட்டது! இன்று உலகெங்கும் சர்வர்களை நிர்வகிப்பவர்கள் அந்த 22-ஆம் சன்னல் வழியாகத்தான் உள்ளே போய் வருகிறார்கள்.

ஒரு சன்னலில் இருவர் அமர முடியாது. முதல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லினக்ஸில் இன்னொரு கட்டளைச் சாளரத்தைத் திறந்து அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். அஞ்ச வேண்டாம், கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 8080 என்று சேர்த்தால் வேறு சன்னல் திறக்கும். சில சமயம், சன்னலில் இருப்பது யார் என்றே தெரியாமல் திண்டாட நேரும். 2021-இல் வெளிவந்த மாக் இயக்க முறைமையில், திரைக்காட்சியைப் பெறும் ஏர்ப்ளே வசதி 5000-ஆம் சன்னலில் உட்கார்ந்துகொண்டது. அதே எண்ணில் பல்லாண்டுகளாகத் தங்கள் சோதனைச் சர்வர்களை ஓட்டிவந்த நிரலாளர்கள், தம் நிரலில் பிழை தேடி மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

சர்வர் எழுந்தவுடன் காட்டிய 0.0.0.0 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் அதுதான்.

உங்கள் கணிப்பொறிக்கு ஒரே முகவரி அன்று, பல முகவரிகள் உண்டு. தன்னைத்தானே அழைக்க 127.0.0.1. வீட்டு வை-ஃபையில் மற்றவர்கள் அழைக்க வேறொன்று. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கம்பி வழி இணைப்பும் இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. ஒரு வீட்டுக்கு வாசல் கதவு, கொல்லைக் கதவு, உள்கதவு என்று இருப்பதைப் போன்றது இது. சர்வர் எந்தக் கதவில் காது வைத்துக் கேட்க வேண்டும்? 0.0.0.0 என்றால் ‘எல்லாக் கதவுகளிலும்’ என்று பொருள்.

சோதித்துப் பார்ப்போம். வீட்டிலுள்ள கைப்பேசியையும் அதே வை-ஃபையில் இணையுங்கள். கணிப்பொறியின் வை-ஃபை முகவரியை அதன் நெட்வொர்க் அமைப்புகளில் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி உலாவியில் அந்த முகவரி, முக்காற்புள்ளி, 8000 என்று எழுதுங்கள். கணிப்பொறியின் பாதுகாப்பு அரண் தடுக்காவிட்டால், கைப்பேசியிலும் ‘வணக்கம்’ தெரியும். கணக்குப் புத்தகத்தில் இப்போது 127.0.0.1 இராது, கைப்பேசியின் முகவரி இருக்கும்.

மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் கைப்பேசியால் வர முடிந்தால், அதே வை-ஃபையில் உள்ள யாராலும் வர முடியும் அல்லவா? வீடு என்றால் பரவாயில்லை. விடுதியிலோ, கல்லூரியிலோ, ரயில் நிலையத்திலோ என்றால்? இன்னொன்றையும் கவனியுங்கள். கோப்புறையில் ‘இண்டெக்ஸ்’ கோப்பு இல்லாவிட்டால், இந்தச் சர்வர் அங்கே உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் பட்டியலாகவே காட்டிவிடும். தொட்டால் கோப்பு திறக்கும். ‘கடை’ கோப்புறைக்குள் நுழையாமல், உங்கள் புகைப்படங்களும் ஆவணங்களும் இருக்கும் சொந்தக் கோப்புறையில் நின்றபடி இதே கட்டளையைக் கொடுத்திருந்தால், அத்தனையும் கடைத்தெருவில் பரப்பியதாகிவிடும். கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நின்ற இடந்தான் மாறியது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. கட்டளையின் முடிவில் இதைச் சேர்க்க வேண்டும்:

--பைண்ட் 127.0.0.1

இரண்டு சிறு கோடுகளும் ‘பைண்ட்’ என்ற சொல்லும் ஒட்டி வரும், பிறகு இடைவெளி, பிறகு எண். இப்போது சர்வர் உள்கதவில் மட்டுமே கேட்கும். கைப்பேசியில் மீண்டும் முயன்று பாருங்கள், திறக்காது. கணிப்பொறியின் உலாவியில் மட்டும் பக்கம் வரும்.

இவ்வளவு சிறிய விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறேனோ என்று நினைக்கலாம். 2017 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். மோங்கோடிபி என்பது தகவல்களைச் சேமித்துத் தரும் ஒரு சர்வர் நிரல். பல வலைச் செயலிகள் தங்கள் தகவல்களை அதில் வைக்கின்றன. அதன் பழைய பதிப்புகள் சில, நிறுவியவுடன் எல்லாக் கதவுகளிலும் கேட்கத் தொடங்கிவிடும், கடவுச்சொல்லும் கேட்காது. வாடகைக்கு எடுத்த கணிப்பொறிகளில், இணையத்துக்கு நேரே முகம் காட்டும்படி பலர் அதை அப்படியே ஓடவிட்டிருந்தார்கள். சிலர் இணையம் முழுவதும் துழாவி இத்தகைய சர்வர்களைக் கண்டுபிடித்தார்கள். பூட்டை உடைக்கவேண்டிய தேவையே இல்லை, பூட்டு இருந்தால்தானே? உள்ளே இருந்த தகவல்களை அழித்துவிட்டு, “பிட்காயினில் பணம் அனுப்பினால் திருப்பித் தருவோம்” என்று சீட்டு எழுதி வைத்தார்கள். ஒரு சில நாட்களிலேயே பல்லாயிரக்கணக்கான சர்வர்கள் பாழாயின. பணம் கட்டியும் தகவல் திரும்பக் கிடைக்காதவர்கள் உண்டு. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த 3.6 பதிப்பு முதல், மோங்கோடிபி எங்கே நிறுவப்பட்டாலும் உள்கதவில் மட்டுமே கேட்கும். வெளிக்கதவைத் திறக்க வேண்டுமென்றால் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நாம் ஒன்றும் சொல்லாதபோது ஒரு நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு எவ்வளவு முக்கியமானது, பாருங்கள்! பெரும்பாலோர் எதையும் மாற்றுவதில்லை. ஆகவே, சொல்லாவிட்டால் மூடியிருப்பதுதான் முறை என்பது என் கருத்து. நாம் ஓட்டிய பைத்தான் சர்வர் இந்த விஷயத்தில் சற்றுத் தாராளம். பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதன்று என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது.

வடையும் தோசையும்

இதுவரை நம் சர்வர் செய்தது, கண்ணாடிப் பெட்டியிலுள்ள வடையை எடுத்துக் கொடுத்தது போன்ற வேலை. கோப்பு முன்பே இருந்தது, எடுத்துக் கொடுத்தது. ஆனால் ரயில் முன்பதிவுத் தளத்தில் “நாளைக்கு மதுரைக்கு இடம் இருக்கிறதா?” என்று கேட்டால், அதற்கான விடை எந்தக் கோப்பிலும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்காது. கேட்ட பிறகே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இது தோசை, கேட்ட பின்னரே கல்லில் ஊற்ற வேண்டும். இத்தகைய விடைகளைச் சுடச்சுடத் தயாரிக்கும் நிரலுக்கு வலைச் செயலி என்றும், அதை ஓட்டும் சர்வருக்குச் செயலிச் சர்வர் என்றும் பெயர்.

பைத்தானில் இதற்கு எளிய கருவி ஃப்ளாஸ்க். ஆஸ்திரியரான ஆர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தின வேடிக்கையாக எழுதிய ஒன்றிலிருந்து இது பிறந்தது. வேடிக்கையில் பிறந்தது உலகெங்கும் பரவிவிட்டது! இதை ஆசிரியர் உதவியுடன் நிறுவிக்கொள்ளுங்கள். ஃப்ளாஸ்க் ஆவணத்தின் தொடக்கப் பாடத்தில் ஐந்து வரி நிரல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரி உணவுப் பட்டியலைப் போன்றது. ‘இந்த முகவரியைக் கேட்டால் இந்தச் செயற்கூறை அழை’ என்கிறது. அந்தச் செயற்கூறு திருப்பித் தரும் சொற்களே உலாவிக்குப் போகின்றன. வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அப்போதைய மணியைச் சொல்லும்படி அதை மாற்றி, ‘கடை’ என்ற பெயரில் பைத்தான் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு:

ஃப்ளாஸ்க் --ஆப் கடை ரன்

ஃப்ளாஸ்க் எடுத்துக்கொள்ளும் சன்னல் 5000, கதவு 127.0.0.1. மூடியே வைத்திருக்கிறது, நல்ல பிள்ளை! உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க மணி மாறுவதைக் காணலாம்.

இப்போது ஒரு சோதனை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலைத் திறந்து, மணிக்கு முன்னால் உங்கள் பெயரும் வருமாறு மாற்றிச் சேமியுங்கள். பக்கத்தைப் புதுப்பியுங்கள். பெயர் வருகிறதா? வராது! ஆனால் முதல் சர்வரில் ‘இண்டெக்ஸ்’ கோப்பை மாற்றினால் உடனே மாற்றம் தெரியும். அதையும் செய்து பாருங்கள். ஏன் இந்த வேறுபாடு? வடைச் சர்வர் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து கோப்பைப் புதிதாகப் படிக்கிறது. தோசை போடுபவரோ, செய்முறையைக் காலையில் ஒருமுறை படித்து மனப்பாடம் செய்துகொண்டார். பிற்பகலில் நீங்கள் தாளைத் திருத்தினால் அவருக்கு எப்படித் தெரியும்? நிரல் தொடங்கும்போதே நினைவகத்துக்குள் ஏறிவிடுகிறது. சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புதிய செய்முறை நடைமுறைக்கு வரும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க, கட்டளையில் இரண்டு சிறு கோடுகளுடன் ‘டிபக்’ என்று சேர்க்கலாம். கோப்பு மாறியதும் சர்வர் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். ஆனால் அதனுடன் இன்னொரு வசதியும் வருகிறது: பிழை நேர்ந்தால், உலாவியிலிருந்தபடியே சர்வருக்குள் பைத்தான் கட்டளைகளை ஓட்டிப் பார்க்கலாம். ஓர் எண்ணைக் கடவுச்சொல்லாகக் கேட்டாலும், இது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம். உள்கதவில் மட்டும் கேட்கும் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள். ஃப்ளாஸ்க்கின் சர்வர் பயிற்சிக்கு உரியது மட்டுமே என்ற எச்சரிக்கை, நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு முறையும் திரையில் வருவதைக் கண்டிருப்பீர்கள்.

உண்மையான கூட்டத்தைச் சமாளிக்க கூனிகார்ன் போன்ற சர்வர்கள் உள்ளன. அவை ஒரே செயலியைப் பல படிகளாக ஓட்டும். ஒரு கல்லுக்குப் பதில் பல கற்கள். எத்தனை படிகள்? கணிப்பொறியிலுள்ள கணிப்புக் கருக்களின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்றைக் கூட்டுங்கள் என்பது கூனிகார்ன் ஆவணம் தரும் தொடக்கக் கணக்கு. நான்கு கரு என்றால் ஒன்பது. சர்வரை மாற்றினாலும் உங்கள் நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை; சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு கைமாறும் முறையை 2003-லேயே பைத்தான் உலகம் பொதுவாக வகுத்துக்கொண்டுவிட்டது.

சொல்வது யார்?

போர்ட் எண்ணை மாற்ற இதுவரை கட்டளை வரியையே பயன்படுத்தினோம். வேறு வழியும் உண்டு. லினக்ஸில் சூழல் மாறி என்ற ஒன்றில் எண்ணை முன்பே எழுதி வைக்கலாம். ‘ஃப்ளாஸ்க்’, ‘ரன்’, ‘போர்ட்’ என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலப் பேரெழுத்தில், நடுவே அடிக்கோடிட்டு இணைத்து, சமக்குறி போட்டு 7000 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பழைய ஃப்ளாஸ்க் கட்டளையை அதே வரியில் தொடருங்கள். சர்வர் 7000-இல் எழும். அதே வரியின் கடைசியில் --போர்ட் 7001 என்றும் சேர்த்தால்? கட்டளை வரியே வெல்லும். காப்பிக்கு இவ்வளவு சர்க்கரை என்று கடையில் ஒரு வழக்கம் இருக்கலாம். வாடிக்கையாளர் “சர்க்கரை கம்மி” என்று சொல்லிவிட்டால் அதுதான் செல்லும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கட்டளை வரியிலேயே சொல்லிவிடலாமே? கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதாதீர்கள். பலர் பயன்படுத்தும் லினக்ஸ் கணிப்பொறியில், பி, எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளையால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் முழுக் கட்டளை வரியையும் வழக்கமாக மற்றப் பயனர்களும் பார்க்க முடியும். போதாக்குறைக்கு, நீங்கள் அடித்த கட்டளைகள் வரலாற்றுக் கோப்பிலும் பதிந்துவிடும்.

கடையை மூடுவது எப்படி? ‘கன்ட்ரோல்’ விசையை அழுத்தியபடி ‘சி’யைத் தட்டுங்கள், சர்வர் நின்றுவிடும். கட்டளைச் சாளரத்தை மூடினாலும் அநேகமாக நின்றுவிடும். கணிப்பொறியை அணைத்தால் சொல்லவே வேண்டாம். உலகின் முதல் வலைச் சர்வர் 1990-இன் இறுதியில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணிப்பொறியில் ஓடியது. இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். உலகளாவிய வலை முழுவதும் அப்போது அந்த ஒரு கணிப்பொறியில்தான் இருந்தது! யாராவது தவறி அணைத்திருந்தால் வலையே நின்றிருக்கும். இன்று லினக்ஸில் சிஸ்டம்டி என்னும் நிரல் சர்வர்களுக்குக் காவல் இருக்கிறது. கணிப்பொறி எழும்போதே அவற்றை எழுப்புகிறது, சொல்லி வைத்தால், விழுந்தவற்றை மறுபடியும் தூக்கி நிறுத்துகிறது.

கடைசியாக, நீங்களே விடை காண ஒரு புதிர். முதல் கட்டளையில் 8000-த்துக்குப் பதிலாக 0 என்று கொடுத்துச் சர்வரைத் தொடங்குங்கள். திரையில் வரும் போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுத்திவிட்டு, மீண்டும் தொடங்குங்கள். ஐந்து முறை செய்யுங்கள். சுழி என்று சொன்னீர்கள். வந்த எண்கள் என்ன? அவற்றைத் தேர்ந்தெடுத்தது சர்வரா, இயக்க முறைமையா?